ரெண்டு வயசு குழந்தை சாப்பிட மாட்டேங்குதா? முதல்ல பால் கணக்க பாருங்க

பையனுக்கு ரெண்டு வயசு ரெண்டு மாசம், எடை 11 கிலோ, போன்ல பாட்டு ஓடுனாதான் வாய திறக்குறான், அதுலயும் ரெண்டு வாய் இட்லிக்கு மேல போகல, பால் மட்டும் நாலு தடவ மறுக்காம குடிக்கிறான், அத்தை தினமும் புள்ள இளைச்சு போயிட்டான்னு சொல்றாங்க, பசி எடுக்க நல்ல டானிக் சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க. குழந்தைங்க சாப்பாடு சம்பந்தமா ஆலோசனை சொல்றதுதான்மா என் வேலை. இதே கேள்விய கொஞ்சம் கொஞ்சம் மாத்தி நிறைய அம்மாங்க கேக்குறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல எடை. உலக சுகாதார அமைப்போட வளர்ச்சி சார்ட்ல ரெண்டு வயசு முடிஞ்ச ஆண் குழந்தைக்கு நடு அளவு 12.2 கிலோ, 9.7 கிலோவுக்கு கீழ போனாதான் எடை குறைவுன்னு சொல்லுவாங்க. பொண்ணா இருந்தா நடு அளவு 11.5, கீழ் எல்லை 9. உங்க பையன் 11 கிலோ, அந்த எல்லைக்கு நல்லாவே மேல இருக்கான். ஆனா ஒரே ஒரு எடைய வெச்சு எதையும் முடிவு பண்ண கூடாது, தடுப்பூசி அட்டைக்குள்ளயே வளர்ச்சி கோடு போட்டிருக்கும் பாருங்க, அதுல ஒரு வயசுல எங்க இருந்தான், ஒன்றரை வயசுல எங்க இருந்தான்னு புள்ளி வெச்சு பாருங்க. கோட்டுக்கு இணையா போயிட்டு இருந்தா அவன் உடம்புக்கு ஏத்த மாதிரிதான் வளர்றான். கோடு படுத்துக்குச்சுன்னா, இல்ல கீழ இறங்குதுன்னா, அப்பதான் கவலை. பக்கத்துல அங்கன்வாடி இருந்தா அங்கயே எடை பாத்து குறிச்சு குடுப்பாங்க.

இளைச்சு போயிட்டான்னு பெரியவங்களுக்கு தோணுறதுக்கும் காரணம் இருக்கு. மூணு கிலோவா பொறந்த குழந்தை ஒரு வயசுல கிட்டத்தட்ட ஒன்பது கிலோ ஆயிடும், அதாவது மூணு மடங்கு. அதுக்கு அடுத்த ஒரு முழு வருஷத்துல ஏறுறது ரெண்டு, ரெண்டரை கிலோதான். வளர்ற வேகம் இவ்ளோ குறையும்போது பசியும் குறையத்தானே செய்யும். கூடவே நடக்க ஆரம்பிச்சு, உயரம் ஏறி, கன்னத்து கொழுப்பு கரைஞ்சு மூஞ்சி மாறிடும். பத்து மாசத்துல கிண்ணம் கிண்ணமா சாப்ட்டானே இப்ப என்ன ஆச்சுன்னு கேக்குறாங்கல்ல, ஒண்ணும் ஆகல, இந்த வயசோட இயல்பே அதுதான்.

சரி, இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், பால். நாலு தடவைன்னா ஒரு தடவைக்கு 200 மில்லி வெச்சாலும் 800 மில்லி ஆச்சு. ஆவின் பச்சை பாக்கெட் மாதிரி 4.5 சதவீத கொழுப்பு உள்ள பால்னா அதுலயே சுமார் 580 கலோரி. ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டா அதுல ஒரு 160. ரெண்டையும் கூட்டுனா 700 தாண்டிடுது. இந்த வயசு குழந்தைக்கு ஒரு நாள் முழுசுக்கும் வேண்டியதே ஏறக்குறைய 1000 கலோரி. அப்ப முக்காவாசி வயிறு பால்லயே ரொம்பிடுச்சு, மிச்சம் இருக்குற இடத்துல அவன் ரெண்டு வாய் இட்லி, கொஞ்சம் பிஸ்கட் சாப்பிடுறான். அவன் கணக்கு சரியாத்தான்மா இருக்கு, நாமதான் பால சாப்பாட்டு கணக்குல சேக்காம விட்டுடுறோம்.

பால் கெடுதலான்னு கேக்காதீங்க, நல்லதுதான், அளவு மீறும்போதுதான் பிரச்சனை. பால்ல இரும்புச்சத்து கிட்டத்தட்ட கிடையாது, 800 மில்லி குடிச்சாலும் ஒரு மில்லிகிராம் தேறாது. அது மட்டும் இல்லாம மத்த சாப்பாட்டுல வர்ற இரும்புச்சத்தையும் பால்ல இருக்குற கால்சியம் சரியா உறிஞ்ச விடாது. இப்படியே மாசக்கணக்கா போனா ரத்த சோகை வரும், ரத்த சோகை வந்தா பசி இன்னும் குறையும், பசி குறைஞ்சா பாவம் புள்ள பாலாவது குடிக்கட்டுமேன்னு நாம இன்னும் பால் குடுப்போம். இப்படியே சுத்திக்கிட்டு இருக்குற குழந்தைங்க ரொம்ப பேரு. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ஆறு மாசத்துலேருந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்குற குழந்தைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகைன்னு வந்துச்சு, அதுக்கு முந்தின கணக்கெடுப்புல 51 சதவீதம் கிட்டதான் இருந்துச்சு. கொழுகொழுன்னு இருக்குற குழந்தைக்கும் இது வரும், பாத்தா தெரியாது, அதனால ஒரு தடவ ஹீமோகுளோபின் டெஸ்ட் மட்டும் டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துடுங்க. இந்த வயசுக்கு 11க்கு கீழ இருந்தா குறைவு. குறைவா இருந்தா டாக்டர் எடைக்கு தகுந்த மாதிரி இரும்புச்சத்து சிரப் எழுதி தருவாங்க, அத ஹீமோகுளோபின் ஏறின உடனே நிறுத்தாம அவங்க சொல்ற மாசம் வரைக்கும் குடுக்கணும். சிரப் குடுத்தா மலம் கருப்பா போகும், பயப்படாதீங்க.

இப்ப என்ன பண்ணணும்னா, பால ஒரு நாளைக்கு மொத்தமா 400 மில்லிக்குள்ள கொண்டு வாங்க, எப்படி பாத்தாலும் 500 தாண்ட வேணாம். தயிர், மோர் குடுத்தா அதையும் இதுலயே சேத்துக்கோங்க. ஒரே நாள்ல வெட்டாதீங்க, முதல் வாரம் ஒரு வேள பால நிறுத்துங்க, அடுத்த வாரம் இன்னொரு வேள. நிறுத்த வேண்டியது எதுன்னு கேட்டா, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குடுக்குறதும், சரியா சாப்டலையேன்னு சாப்பாடு முடிஞ்ச உடனே ஈடு கட்ட குடுக்குறதும். ரெண்டாவதுதான் ரொம்ப முக்கியம். சாதத்த தள்ளி விட்டா பத்து நிமிஷத்துல இனிப்பா பால் வரும்னு குழந்தைக்கு நல்லா தெரிஞ்சு போச்சுன்னா அவன் ஏன் சாதம் சாப்பிட போறான்? இன்னும் பாட்டில்ல குடுத்துட்டு இருந்தீங்கன்னா அதையும் நிறுத்திட்டு சின்ன எவர்சில்வர் டம்ளருக்கு மாத்துங்க, டம்ளர்ல தானாவே குறைவா குடிப்பாங்க, ராத்திரி பாட்டில வாயில வெச்சுட்டே தூங்குறதால வர்ற பல் சொத்தைலேருந்தும் தப்பிக்கலாம். சக்கரை படிப்படியா குறைங்க. கொழுப்பு நீக்கின பால் இந்த வயசுக்கு வேணாம். தாய்ப்பால் இன்னும் குடுக்குறீங்கன்னா தாராளமா குடுங்க, சாப்பாட்டு நேரத்த ஒட்டி மட்டும் வேணாம்.

அப்புறம் நேரம். குழந்தைக்கு பசின்னா என்னன்னு தெரியணும்னா நடுவுல வயிறு காலியாகணும். ரெண்டரை மணி நேரம், மூணு மணி நேரம் இடைவெளி விட்டு மூணு வேள சாப்பாடு, ரெண்டு வேள சின்ன தீனி, அவ்ளோதான், நடுவுல தண்ணி மட்டும். எட்டு எட்டரைக்கு டிபன், பதினொரு மணிக்கு பழம், ஒரு மணிக்கு சாதம், நாலு மணிக்கு நல்லா மசிச்ச சுண்டலோ அவிச்ச சக்கரவள்ளியோ கூட கொஞ்சம் பால், ஏழரைக்கு ராத்திரி சாப்பாடு, இந்த மாதிரி உங்க வீட்டுக்கு ஒத்து வர்றத வெச்சுக்கோங்க, நேரம் பத்து இருபது நிமிஷம் முன்ன பின்ன போனா ஒண்ணுமில்ல. ஆனா நடுவுல தாத்தா கைல ரெண்டு பிஸ்கட், பக்கத்து வீட்ல ஒரு முறுக்கு, கடைக்கு போகும்போது ஒரு ஜூஸ் பாக்கெட், இதெல்லாம் நம்ம கண்ணுக்கு சாப்பாடா தெரியாது, அவன் வயித்துக்கு தெரியும். தூக்க கலக்கத்துலயும் சாப்பிட மாட்டாங்க, மதியம் தூக்கம் ஒரு மணிக்கு வருதுன்னா சாப்பாட்ட பன்னெண்டரைக்கே குடுத்துடுங்க.

போன் விஷயம். இந்திய குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2021ல சொன்னது, ரெண்டு வயசு வரைக்கும் ஸ்கிரீனே வேணாம், ரெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவங்க கூட இருந்து. மூணு வேள சாப்பாட்டுக்கே அந்த ஒரு மணி நேரம் தாண்டி போயிடும். என் கவலை நேர கணக்க விட வேற ஒண்ணு. போன் பாத்துட்டு சாப்பிடுற குழந்தைக்கு வாய்ல என்ன போகுது, புளிப்பா காரமா, வயிறு நிறைஞ்சுச்சா இல்லையான்னு எதுவுமே தெரியாது. ஸ்பூன் வந்தா வாய் திறக்கும், சில சமயம் மெல்லாம கன்னத்துலயே அடக்கி வெச்சுக்கும். இப்படி ஒரு வருஷம் போனா சாப்பிட கத்துக்கவே இல்லைன்னு அர்த்தம். காக்கா, நிலா காட்டி ஊட்டுறதும் இதே மாதிரி தானேன்னு சில பேர் கேப்பாங்க, அதுல நீங்க அவன் மூஞ்சிய பாத்து பேசிட்டு இருக்கீங்க, அவன் போதும்னு சொன்னா உங்களுக்கு தெரியும், அதனால அத நான் போனோட சேக்க மாட்டேன், ஆனா மாடி முழுக்க அவன் பின்னாடி கிண்ணத்தோட ஓடுறத மட்டும் விட்டுடுங்க.

போன நிறுத்துறது கொஞ்சம் கொஞ்சமா பண்ணா இழுத்துக்கிட்டே போகும், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் ஒரே அடியா நிறுத்துங்க. அப்பா வீட்ல இருக்குற ஒரு சனி ஞாயிறு ஆரம்பிங்க. போன் கண்ணுலயே பட கூடாது, உங்க போனும் சேத்துதான். முதல் மூணு நாலு நாள் அழுவான், தட்ட தள்ளுவான், ரொம்ப கம்மியாத்தான் சாப்பிடுவான். அந்த நாலு நாள் தாங்குறதுதான் கஷ்டம், நாலாவது நாள் மனசு கேக்காம போன குடுத்துட்டா அடுத்த தடவ இன்னும் கஷ்டமாயிடும், ஏன்னா எவ்ளோ நேரம் அழணும்னு அவன் தெரிஞ்சுக்கிட்டான். காய்ச்சல், வயித்துப்போக்கு, பல் முளைக்குற வலின்னு ஏதாவது இருந்தா அந்த வாரம் ஆரம்பிக்காதீங்க, உடம்பு சரியாகட்டும்.

உக்கார வைக்கிறது எப்படின்னா, கீழ ஒரு பழைய பெட்ஷீட் விரிச்சு எல்லாரும் ஒண்ணா உக்காருங்க, அவனுக்கும் தனி தட்டு. நீங்க என்ன சாப்பிடுறீங்களோ அதையே காரம் கம்மியா அவனுக்கும். வைக்கிற அளவுதான் நிறைய பேர் தப்பு பண்ற இடம், ஒவ்வொரு பொருளும் வயசுக்கு ஒரு டேபிள்ஸ்பூன்னு வைங்க, ரெண்டு வயசுன்னா சாதம் ரெண்டு ஸ்பூன், பருப்பு ரெண்டு ஸ்பூன், காய் ரெண்டு ஸ்பூன். முடிச்சுட்டு கேட்டா திரும்ப வைங்க. குவிச்சு வெச்ச தட்ட பாத்தாலே குழந்தைக்கு மலைப்பா இருக்கும், மிச்சம் வெச்சா நமக்கும் கோவம் வரும். கைய விட்டு பெசையட்டும், மூஞ்சில பூசிக்கட்டும், இட்லிய பிச்சு சாம்பார்ல முக்கட்டும். இருபது இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா சாப்ட்டானோ இல்லையோ கைய கழுவி எழுப்பி விட்ருங்க, திட்ட வேணாம், கெஞ்ச வேணாம், ஒரு மணி நேரம் சாப்பாட்ட இழுக்க வேணாம். அடுத்த வேள வரும், அப்ப சாப்பிடுவான்.

எலின் சாட்டர்னு அமெரிக்காவுல ஒரு சாப்பாட்டு நிபுணர், குழந்தை சாப்பாட்ட ரெண்டு பேரோட வேலையா பிரிச்சு சொன்னாங்க, என்ன சாப்பாடு, எப்ப, எங்கங்கறது பெத்தவங்க முடிவு, சாப்பிடணுமா வேணாமா, எவ்ளோங்கறது குழந்தையோட முடிவு. நம்ம வீடுங்கள்ல இது அப்படியே தலைகீழா நடக்குது பாருங்க, என்ன வேணும்னு குழந்தை சொல்லுது, பிஸ்கட்டா சிப்ஸான்னு, எவ்ளோ சாப்பிடணும்னு நாம முடிவு பண்ணி திணிக்கிறோம். மூக்க பிடிச்சுட்டு ஊத்துறது, அழும்போது வாய திறந்ததும் ஸ்பூன விடுறது எல்லாம் தயவு செஞ்சு வேணாம், மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும், உயிருக்கே ஆபத்து.

புதுசா ஒரு காய் வெச்சா துப்புறான், அப்ப அவனுக்கு பிடிக்காதுன்னு லிஸ்ட்லேருந்து எடுத்துடுறோம். ரெண்டு வயசுலேருந்து ஆறு வயசு வரைக்கும் தெரியாத சாப்பாட்ட பாத்தா ஒதுங்குறது எல்லா ஊர் குழந்தைங்களுக்கும் உண்டு. ஒரு காய ஏத்துக்க பத்து, பதினஞ்சு தடவ கூட கண்ணுல படணும். அதனால பீட்ரூட் பொரியல் ஒரு ஸ்பூன் தட்டு ஓரத்துல வெச்சுட்டு அத பத்தி பேசாமலே நீங்க சாப்பிடுங்க. தொட்டு பாப்பான், மோந்து பாப்பான், நக்கிட்டு துப்புவான், இதெல்லாமே முன்னேற்றம்தான். இத சாப்ட்டா சாக்லேட் தரேன்னு மட்டும் சொல்லாதீங்க, காய் தண்டனை மாதிரியும் சாக்லேட் பரிசு மாதிரியும் மனசுல நின்னுடும். இன்னும் எல்லாத்தையும் மிக்ஸில அரைச்சு குடுக்குறீங்கன்னா அதையும் நிறுத்துங்க, ரெண்டு வயசுக்கு மெல்ல தெரியணும், கையால மசிச்சதுலேருந்து குழைஞ்ச சாதம், அப்புறம் சாதாரண சாதம்னு ரெண்டு மூணு வாரத்துல மாத்திடலாம்.

கம்மியா சாப்பிடுற குழந்தைக்கு அந்த கொஞ்சத்துலயே சத்து இருக்கணும், இங்க நம்ம ஊர் சாப்பாடு ரொம்ப கை குடுக்கும். வெறும் ரசம் சாதம், சக்கரை தொட்ட இட்லில வயிறுதான் ரொம்பும். பருப்பு சாதத்துல ஒரு ஸ்பூன் நெய், இட்லிக்கு நல்லெண்ணெய்ல கொழைச்ச எள்ளு பொடி, கேப்பை கூழுக்கு பதிலா கேப்பை அடைல முருங்கைக்கீரை, முட்டை சாப்பிடுறவங்கன்னா தினம் ஒரு முட்டை, மீன்னா நெத்திலிய நல்லா ஆய்ஞ்சு குழம்புல, வாரத்துல ஒரு நாள் கொஞ்சம் ஈரல். சைவம்னா பயறு, சுண்டல் கடலை நல்லா மசிச்சு, கூட எலுமிச்சை பிழிஞ்சோ கொய்யா, நெல்லிக்காய் குடுத்தோ பாருங்க, அந்த வைட்டமின் சி இருந்தா கீரை பயறுல இருக்குற இரும்புச்சத்து உடம்புல நல்லா சேரும். டீல பிஸ்கட் தொட்டு குடுக்குற பழக்கம் நிறைய வீட்ல இருக்கு, டீ அந்த இரும்புச்சத்த தடுத்துடும், ஒரு வாய் கூட வேணாம். ஹெல்த் ட்ரிங்க்ஸ்னு விக்கிற பவுடர்ங்கள்ல பெரும்பாலானதுல சக்கரை நிறைய, 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைங்கள அந்த பேர்ல விக்க வேணாம்னு சொல்லுச்சு. அந்த காசுக்கு வீட்லயே சத்து மாவு அரைச்சுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை இங்கயே சொல்லிடுறேன். முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன், பச்சை கேரட் துண்டு, முழு திராட்சை, சீத்தாப்பழம் விதையோட, இதெல்லாம் அஞ்சு வயசு வரைக்கும் குடுக்காதீங்க, தொண்டைல அடைச்சுக்கும். கடலைய பொடி பண்ணி, திராட்சைய நீளவாக்குல நாலா வெட்டி, கேரட்ட வேக வெச்சு குடுங்க. ஓடும்போதும் படுத்திருக்கும்போதும் வாய்ல எதுவும் வேணாம்.

டானிக் கேட்டீங்கல்ல, பசிக்குன்னு மெடிக்கல்ல குடுக்குற சிரப்புங்கள்ல பலதுல சைப்ரோஹெப்டடின்னு ஒரு மருந்து இருக்கும். அது உண்மைல அலர்ஜி மருந்து, பசி கூடுறது அதோட பக்க விளைவு, தூக்கமும் வரும், நிறுத்துனா பசி பழையபடி ஆயிடும். டாக்டர் எழுதாம கடைல கேட்டு வாங்காதீங்க. அதுக்கு பதிலா பாக்க வேண்டியது பூச்சி மருந்து குடுத்து எவ்ளோ நாள் ஆச்சுன்னு, வருஷத்துக்கு ரெண்டு தடவ அங்கன்வாடில அல்பெண்டசோல் இலவசமா குடுக்குறாங்க, ரெண்டு வயசு தாண்டிட்டதால முழு மாத்திரை, பொடி பண்ணி தண்ணில கலந்து குடுக்கணும். இன்னொண்ணு மலச்சிக்கல். பால் அதிகம், காய் பழம் கம்மின்னா மலம் கெட்டியாகும், வலிக்கு பயந்து அடக்குவான், குடல்ல தேங்கினா பசியே எடுக்காது. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ முக்கி முக்கி போறான்னா முதல்ல அத சரி பண்ணுங்க, பால் குறைஞ்சாலே பாதி சரியாகும், தண்ணி, பப்பாளி, கொய்யா, ஊற வெச்சு மசிச்ச உலர் திராட்சை குடுங்க, அப்பவும் கேக்கலன்னா டாக்டர்கிட்ட காமிங்க.

அத்தை விஷயத்துல, அவங்க பாசத்துலதான் சொல்றாங்க, எதிர்த்து பேசுனா ரெண்டு பேருக்கும் வருத்தம். அவங்களுக்கு ஒரு வேலைய ஒப்படைச்சிடுங்க, அத்தை சாயங்கால சுண்டல் நீங்க செஞ்சு குடுத்தாதான் அவன் சாப்பிடுறான்னு. அடுத்த தடவ டாக்டர்கிட்ட போகும்போது அவங்களையும் கூட்டிட்டு போங்க, எடை சரியா இருக்குன்னு டாக்டர் வாயால கேட்டா அவங்களுக்கும் நிம்மதி. தாத்தா பிஸ்கட் பழக்கத்துக்கு உங்க வீட்டுக்காரர்தான் பேசணும், மருமக சொல்றத விட மகன் சொன்னா சுலபமா முடியும்.

இதெல்லாம் ஒரு மாசம் விடாம பண்ணுங்க, ஒவ்வொரு வேளையா பாக்காம வாரத்த மொத்தமா பாருங்க, ஒரு நாள் நாலு வாய், மறுநாள் ரெண்டு தோசைன்னு மாறி மாறித்தான் போகும். தினமும் எடை போட வேணாம், மாசத்துக்கு ஒரு தடவ போதும்.

ஒரு மாசம் காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட போக வேண்டியது எப்பன்னா, எடை குறைஞ்சா, முகமும் உள்ளங்கையும் வெளுத்து இருந்தா, மண்ணு, சாக்பீஸ், சுவத்து சுண்ணாம்பு எடுத்து தின்னா, முழுங்கும்போது அடிக்கடி புரையேறினா இல்ல வாந்தி எடுத்தா, குழைஞ்சத தவிர கெட்டியா எதையுமே வாய்ல வெக்க விடலன்னா, மொத்தமா அஞ்சாறு பொருளுக்கு மேல எதையும் தொடலன்னா. சாப்பாடு பிரச்சனையோட பேர் சொல்லி கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான், பேச்சும் வரலன்னா கண்டிப்பா குழந்தை வளர்ச்சி பாக்குற டாக்டர்கிட்டயும் காமிக்கணும். போகும்போது மூணு நாள் அவன் வாய்ல போனது எல்லாத்தையும், பால், பிஸ்கட், ஜூஸ் உள்பட நேரத்தோட ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, சரியா சாப்பிட மாட்டான்னு பொதுவா சொல்றத விட அந்த பேப்பர பாத்தா டாக்டருக்கு பாதி விஷயம் புரிஞ்சுடும்.